ஒரு நடுக்கள வீரனின் ஆரம்பகாலம்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், மருந்துக்கடைக்கு மேலே உள்ள அறையில் நான் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். பிறப்பு, விவாகம், இறப்பு. இந்த மூன்றையும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் முத்திரை குத்திக் கொடுப்பது என் தொழில். சான்றிதழோடு வருகிறவர்கள், நான் தட்டச்சு செய்து முடிக்கும்வரை எதிர்க் கதிரையில் சும்மா இருக்க முடியாமல் கதைப்பார்கள். அப்படிக் கதைத்த ஒருவரின் கதை இது.

[அவரிடம் அனுமதி கேட்டேனா? கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார்.]

இதில் வரும் பெயர் எதுவும் உண்மைப் பெயரல்ல. ஒருவருடைய பெயரை மாற்றியதால் வந்த வினையைச் சொல்லும் கதையில் நானும் பெயர்களை மாற்றுகிறேன் என்பது எனக்கு விளங்காமல் இல்லை. வேறு வழி தெரியவில்லை.

2

உண்மையில் நான் எழுதத் தொடங்கியது பத்திரிகைக்கு ஒரு கட்டுரை. இந்த ஆண்டு தைப்பொங்கல் முடிந்த கிழமை நாகேஸ்வரி என் அறைக்கு வந்தார். வயது ஐம்பத்தாறு. தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் இரத்தப் பரிசோதனை செய்கிற வேலை. கல்யாணம் செய்யவில்லை. தாயோடு இருந்தவர், தாய் போனபின் தனியே இருக்கிறார். அவருக்குப் பின்னால், என் படிக்கட்டின் தாழ்ந்த கூரையில் தலை இடிக்காமல் குனிந்தபடி ஏறி வந்தான் ஆறடிக்கு மேல் உயரமான ஒரு பெடியன்.

“இவன் பிரியந்தன். என்ரை அண்ணாவின்ரை மகன். நோர்வேயிலை ஃபுட்போல் விளையாடுறவன்,” என்றார் நாகேஸ்வரி. “இஞ்சத்தை நாட்டு ரீமுக்கு எடுக்கப்போகினமாம். அதுக்கு இஞ்சத்தைக் குடியுரிமை எடுக்கவேணும். தேப்பன்ரை பேப்பருகளை இங்கிலிசிலை மாத்தித் தாங்கோ. நீங்கள் எழுதுறனீங்கள் எண்டும் கேள்விப்பட்டனான். இவனைப் பற்றிப் பேப்பரிலை ஒண்டு எழுதிவிடுங்கோவன்.”

எழுத ஒப்புக்கொண்டேன். ‘ஒரு நடுக்கள வீரனின் ஆரம்பகாலம்’ என்று தலைப்புப் போட்டேன். முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால் உதித்த தமிழ்ச் சூரியன்

அதை அவனிடமே வாசித்துக் காட்டினேன். “அங்க ரெண்டு மாசம் சூரியன் வராது அக்கா,” என்றான். வெட்டிவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்:

உதைபந்தாட்டத்தில் நடுக்களம் என்பது

(இந்த வாக்கியம் இதற்கு மேல் போகவில்லை. எனக்கு உதைபந்தாட்டம் தெரியாது.)

மூன்றாவதில் அவன் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதினேன். 2004இல் வட நோர்வேயின் ஒரு மீன்பிடி ஊரில் பிறந்தான். தகப்பன் அங்கே ஒரு பாடசாலையில் கட்டடப் பராமரிப்புப் பார்க்கிறவர், தாய் முதியோர் இல்லத்தில் வேலை. ஆறு வயதில் உள்ளூர்க் கழகம். பதினான்கு வயதில், முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருந்த பெரிய கழகம் ஒன்று அவனைத் தன் பயிற்சிப் பள்ளியில் சேர்த்துக்கொண்டது. அங்கே விடுதி அறையில் தனியே இருந்தான். பதினேழு வயதில் முதற்பிரிவில் முதல் ஆட்டம், எண்பத்து மூன்றாவது நிமிடத்தில் மாற்று வீரனாக. முதல் தொடுகையில் பந்தைப் பின்னுக்குக் கொடுத்தான். ஆட்டம் தோல்வி. அடுத்த ஆண்டு பதினொரு ஆட்டங்கள்.

“நீ என்ன செய்யிறனீ, கோல் அடிக்கிறதோ?” என்று கேட்டேன்.

“இல்லை அக்கா. மற்ற ஆக்கள் பந்து கொண்டு வந்தா எடுப்பன். எடுத்துக் கிட்ட நிக்கிற ஆளுக்குக் குடுப்பன். எங்கட கோச் சொல்லுவார், ஒருத்தரும் உன்னைப் பாக்கேல்லை எண்டா நீ அண்டைக்கு நல்லா விளையாடி இருக்கிறாய் எண்டு.”

பதினெட்டு வயதில் இடது முழங்காலில் தசைநார் அறுந்தது. பத்து மாதம் படுக்கையும் பயிற்சியும். திரும்பி வந்தபோது அவனுடைய இடத்தில் இன்னொருவன் நின்றான். இரண்டாம் பிரிவுக் கழகம் ஒன்றுக்கு இரவலாக அனுப்பினார்கள். இருபது வயதில் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. அந்த மார்கழியில்தான் கொழும்பிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் தகப்பன் இலங்கையில் பிறந்தவரா என்று கேட்டிருந்தார்கள்.

ஆரம்பகாலம் என்று எழுதினால் பிறகும் ஒரு காலம் வரப்போகிறது என்றுதான் வாசிக்கிறவர் எடுத்துக்கொள்வார். அந்தச் சொல்லுக்குள் ஒரு வாக்குறுதி இருக்கிறது. தை மாதத்தில் நானும் அதை நம்பித்தான் தலைப்பில் போட்டேன்.

3

கட்டுரை இந்த இடத்தில் செத்துவிட்டது. இனி நாகேஸ்வரியோடு போகிறேன்.

பிரியந்தன் அவருடைய வீட்டில் மூன்று மாதம் இருந்தான். காலை ஐந்தரைக்கு ஓட்டோ பிடித்துக் கொட்டாஞ்சேனைப் பக்கத்து மைதானத்துக்குப் போவான். பத்து மணிக்கு வந்து முழங்காலுக்கு ஐஸ் வைப்பான். நாகேஸ்வரியின் குளிர்சாதனப் பெட்டியில் கிடைக்கும் ஐஸ் காணாது. வெள்ளவத்தைச் சந்தையில் மீன் விற்கிறவரிடம் சொல்லிவைத்து, வேலைக்குப் போகுமுன் ஒரு பை நிறைய ஐஸ் வாங்கி வைத்துவிட்டுப் போவார். வீடு முழுக்க மீன் மணக்கும். பல வருஷமாகத் தொலைக்காட்சியின் சத்தம் மட்டும் இருந்த வீட்டில் “மாமி, துவாய் எங்க?” என்று ஒரு குரல் கேட்பது அவருக்குப் பிடித்திருந்தது. என்னிடம் அதை அவர் சொல்லவில்லை. “பெடியன் ஓட்ஸைத் தவிர வேறை ஒண்டும் காலமை சாப்பிடான்,” என்று குறை சொன்னார். அந்தக் குறையை ஐந்து தடவை சொன்னார்.

ஒரு சனிக்கிழமை பயிற்சி பார்க்கப் போனார். மாளிகாவத்தையைச் சேர்ந்த பாஹிம் என்பவன் கோட்டுக்கு வெளியே வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். இருபத்தேழு வயது. பிரியந்தன் ஆட வந்த அதே இடத்தில் ஏழு வருஷமாக ஆடுகிறவன்.

“ஆன்ட்டி, ஒங்கட மருமகன் நல்லா வெளாடுறார்,” என்றான். “பேப்பர் சரிவந்தா நான் வெளில.”

நாகேஸ்வரி அவன் பக்கம் திரும்பினார். “அப்பிடி இல்லைத் தம்பி. ரெண்டு பேரையும் எடுப்பினம்.”

“எடுக்க மாட்டாங்க. அதுக்காகப் பொய் சொல்ல ஏலுமா? பந்து அவர்ட கால்ல நிக்கிது, என்ட கால்ல நிக்கல்ல.” அவன் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான். “நோர்வேல பொறந்திருந்தா எனக்கும் நிக்கும்.”

அன்று வீட்டுக்கு வரும் வழியில், கடதாசிகள் சரிவர வேண்டும் என்று பிள்ளையாரை நினைத்ததாகவும், நினைத்தபோதே வெட்கமாக இருந்ததாகவும் நாகேஸ்வரி சொன்னார். பாஹிமை எண்ணி வந்த வெட்கம் என்று அப்போது எடுத்துக்கொண்டேன்.

4

மாசி நடுப்பகுதியில் பத்தரமுல்லைக் கந்தோருக்கு, அதாவது குடியுரிமை கொடுக்கும் அலுவலகத்துக்கு, வரச் சொன்னார்கள். ஒரு வெள்ளிக்கிழமை. இலக்கம் எடுத்துக்கொண்டு மாமியும் மருமகனும் இரண்டரை மணித்தியாலம் காத்திருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த உத்தியோகத்தர் நாகேஸ்வரியின் வயதுப் பெண். பொறுமையானவர். விண்ணப்பத்தைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு கண்ணாடியில் இருந்த ஓட்டைக்குக் கிட்ட வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்:

“அக்கே, மெயாகே தாத்தா மெரிலானே.”

சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. இந்தப் பிள்ளையின் அப்பா இறந்துவிட்டாரே என்கிறார். பிரியந்தனுக்குச் சிங்களம் தெரியாது. தமிழ்ப் படங்களில் வருகிற தாத்தாவைத்தான் தெரியும். அந்தச் சொல்லையும் தாழ்ந்த குரலையும் வைத்துப் பொருளை ஊகித்து, அவன் மரியாதையாகத் தலையாட்டினான்.

“ஓம். அவர் நான் பிறக்க முதலே செத்திட்டார்.”

நாகேஸ்வரி அவனுடைய முழங்கையைப் பிடித்தார். “ராசா, வெளியிலை போய் ரெண்டு தண்ணிப் போத்தல் வாங்கிக்கொண்டு வா.”

அவன் போனபின் அந்தப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினார். தில்லைநாதன். பிறப்பு 1966. இறப்பு 1987 வைகாசி. இறந்த இடம் தெரியாது. பதிவு செய்த ஆண்டு 2018. அறிவித்தவர் சகோதரி, நாகேஸ்வரி.

“இந்தச் சகோதரி நீங்களா?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“ஒவ்.” யாழ்ப்பாணத்தில் பதிந்தது கொழும்புக் கணினியில் வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

“அப்படியென்றால் இந்தப் பிள்ளை தகப்பன் இறந்து பதினேழு வருஷம் கழித்துப் பிறந்திருக்கிறது.”

அவர் கேலியாகச் சொல்லவில்லை. பதிவு பிழையென்றால் திருத்த வழி இருக்கிறது என்றும் சொன்னார். ஆள் உயிரோடு இருக்கிறார் என்று சகோதரியே சத்தியக்கடதாசி கொடுக்க வேண்டும். பதிந்த இடத்திலேயே மரணத்தை ரத்துச் செய்விக்க வேண்டும். அதன்பிறகு பிள்ளையின் விண்ணப்பத்தைப் பார்க்கலாம்.

பிரியந்தன் தண்ணீர்ப் போத்தலோடு வந்தான். “என்ன மாமி, சரியே?”

“ஒரு எழுத்துப் பிழை. திருத்திப்போட்டு வரட்டாம்,” என்றார் நாகேஸ்வரி.

5

அந்தப் பின்னேரம் அவர் என் அறைக்கு வந்தார். மொழிபெயர்க்க ஒன்றும் கொண்டுவரவில்லை. சொல்லத்தான் வந்தார். அவர் சொன்ன ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

வடமராட்சியில் அவர்கள் மூன்று பிள்ளைகள். மூத்தவர் தில்லைநாதன், நடுவில் நாகேஸ்வரி, கடைசி குகநாதன். தில்லைநாதன் படிப்பில் கெட்டி. நோர்வேயில் ‘மக்கள் உயர்பள்ளி’ என்று ஒருவகைப் பள்ளிக்கூடம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பெடியன்கள் பலர் அந்த வழியால்தான் அங்கே போனார்கள். தில்லைநாதனுக்கும் இடம் கிடைத்திருந்தது. பாஸ்போட் எடுத்தாயிற்று, விசாவும் வந்துவிட்டது. ஆவணியில் பள்ளிக்கூடம் தொடங்கும். எண்பத்தேழு வைகாசியில் இராணுவச் சுற்றிவளைப்பு வந்தது. வீட்டுப் படலை வாசலில் வைத்து அவரை லொறியில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அவரை ஒருவரும் காணவில்லை. அப்போது அவருக்கு இருபத்தொரு வயது.

தாய் எல்லா முகாம் வாசல்களுக்கும் போனா. ஆடி மாதம் வீட்டுக்கு வந்து, மேசையில் இருந்த பாஸ்போட்டை எடுத்துப் பதினேழு வயதுக் கடைசி மகனின் கையில் கொடுத்தா. இரண்டு பேருக்கும் ஒரே முகவெட்டு. “நீ போ. அண்ணாவாப் போ,” என்றா.

நடந்த பொய் இவ்வளவுதான். அண்ணாவின் பெயரில் போய் இறங்கிய தம்பி, அண்ணாவின் பெயரில் பாஷை படித்தார், வேலை எடுத்தார், குடியுரிமை எடுத்தார், கல்யாணம் செய்தார். பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் பெயராக அண்ணாவின் பெயரைக் கொடுத்தார். மனைவிக்குச் சொல்லவில்லை. மகனுக்கும் சொல்லவில்லை. பொய்ப் பெயரில் வந்தது தெரிந்தால் எத்தனை வருஷம் போனாலும் குடியுரிமையைப் பறித்துவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு ஒருநாளும் போகவில்லை.

வீட்டுக்குள்ளும் அதற்கேற்ற விதிகள் வந்தன. கடிதங்களை யார் பிரிப்பார்கள் என்று தெரியாது என்பதால், தன்னைவிட இரண்டு வயது இளையவனுக்கு நாகேஸ்வரி ‘அன்புள்ள அண்ணா’ என்று எழுதினார். தொலைபேசி வந்தபின் அதையே வாயால் சொன்னார். தொண்ணூறுகளில் தாயும் மகளும் வெள்ளவத்தைக்கு வந்துவிட்டார்கள். இங்கே அவர்களைத் தெரிந்தவர்கள் இல்லை. பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் தாய் சொல்லுவா: மூத்தவன் நோர்வேயில், இளையவன்தான் காணாமல் போனவன்.

“அம்மா அழுதா பிள்ளை,” என்றார் நாகேஸ்வரி. “ஆனா பேரை மாத்தி அழுதா.”

6

இந்த இடத்தில் என் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. முப்பத்தொரு வருஷம் காத்த பொய்யை 2018இல் அவர் ஏன் உடைத்தார்? தம்பியிடம் சொல்லாமல் யாழ்ப்பாணம் போய், கிராம சேவகரின் கடிதம் வாங்கி, சாட்சி பிடித்து, தில்லைநாதனின் மரணத்தை ஏன் பதிந்தார்?

முதல் பிரதியில், அன்பினால் பதிந்தார் என்று எழுதினேன். வாசிக்க நன்றாக இருந்தது. அதனாலேயே நம்ப முடியவில்லை.

இரண்டாம் பிரதியில், கோபத்தால் என்று எழுதினேன். அதற்கு ஆதாரம் இருந்தது. 2015இல் தம்பி, மனைவியோடும் பத்து வயது மகனோடும் கொழும்புக்கு வந்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டில் நாகேஸ்வரி வாய்தவறி, “குகன், இன்னும் கொஞ்சம் சொதி விடட்டே?” என்று கேட்டுவிட்டார். தம்பியின் மனைவி நிமிர்ந்து பார்த்தா. “குகன் ஆர்?”

தம்பி சிரித்தார். “காணாமல் போன தம்பி. இவளுக்கு இன்னும் அந்த ஞாபகம்.”

அடுத்த நாள் குசினிக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாராம்: “இனி மறந்தும் அப்பிடிக் கூப்பிடாதை. நான்தான் தில்லை. விளங்குதே?”

இவன்தான் தில்லை என்றால் என் அண்ணா எங்கே என்று அன்று தனக்குள் கேட்டதாக நாகேஸ்வரி சொன்னார். அடுத்த ஆண்டு தாய் இறந்தபோது தம்பி வரவில்லை. மீன் ஏற்றும் காலம் என்று எதையோ சொன்னார். [பாடசாலையில் வேலை செய்கிறவருக்கு மீன் ஏற்றும் காலத்தோடு என்ன அலுவல் என்று நான் கேட்டேன். நாகேஸ்வரி தோளைக் குலுக்கினார்.]

நேரடியாகவே கேட்டேன். “ஏன் பதிஞ்சனீங்கள்?”

“அம்மா சாகுமட்டும் அண்ணாவுக்கு ஒரு திவசம் செய்யேல்லை. எப்பிடிச் செய்யிறது, ஆள் நோர்வேயிலை எல்லே இருக்கு. பதிஞ்சுபோட்டுக் கீரிமலைக்குப் போய் அந்தியேட்டிக் கிரியை செய்தனான். ஐயர் பேர் கேட்டார். தில்லைநாதன் எண்டு வாய்விட்டுச் சொன்னன்.”

“தம்பியிலை கோபத்திலையும்தானே?”

“கோபமும்தான்.”

அந்த ‘உம்’மை வைத்துக்கொண்டு இரண்டு பிரதிகளையும் கிழித்தேன்.

7

ஞாயிற்றுக்கிழமை காலை, பிரியந்தன் மைதானத்துக்குப் போனபின், தம்பி வட்ஸப்பில் எடுத்தார். கந்தோரில் நடந்ததை நாகேஸ்வரி முதல்நாளே அனுப்பியிருந்தார். தம்பி கத்துவார் என்று நாகேஸ்வரி எதிர்பார்த்தார். கத்தவில்லை.

“பிழையாப் பதிஞ்சிட்டன், ஆள் உயிரோடைதான் இருக்கிறார் எண்டு எழுதிக் குடு. அவ்வளவுதானே.”

“ஆர் உயிரோடை இருக்கிறது?”

“நாகேஸ், பகிடி விடாதை.”

“நான் பகிடி விடேல்லை. ஆர் உயிரோடை இருக்கிறது எண்டு கேக்கிறன். பேரைச் சொல்லு.”

அந்தப் பக்கத்தில் யாரோ தட்டுக் கழுவுவது கேட்டது.

“பெடியன்ரை வாழ்க்கை, அக்கா,” என்றார் தம்பி.

முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தேவை வந்தபோது அந்தச் சொல் வந்ததே என்று கசந்துபோனதாகவும், கசந்தாலும் இன்னொரு தடவை கேட்க வேண்டும்போல் இருந்ததாகவும் நாகேஸ்வரி சொன்னார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

“நான் கையெழுத்து வைக்கிறன்,” என்றார் அவர். “ஆனா நீ அவனுக்கு உண்மையைச் சொல்லவேணும். அவன் ஆற்றை பேரை முதுகிலை போட்டுக்கொண்டு ஓடுறான் எண்டு அவனுக்குத் தெரியவேணும்.”

“சொல்லுவன். முதல்லை அலுவல் முடியட்டும்.”

செவ்வாய்க்கிழமை நாகேஸ்வரி சத்தியக்கடதாசியைக் கொண்டுவந்தார். ஆள் உயிரோடு இருக்கிறார் என்று நோர்வேயிலிருந்து ஒரு கடிதம் எடுக்க அதற்கு ஆங்கிலப் பிரதி தேவைப்பட்டது. எனது சகோதரர் தில்லைநாதன் உயிருடன் இருக்கிறார் என்றும், ஞாபகப் பிழை காரணமாக அவருடைய மரணத்தை நான் பதிவு செய்தேன் என்றும், கடவுளை முன்னிறுத்திச் சொல்லியிருந்தது.

“ஞாபகப் பிழையோ?” என்று கேட்டேன்.

“லோயர் போட்ட சொல்லு.”

மொழிபெயர்த்தேன். என் சத்தியம், மூலத்தில் உள்ளதை உள்ளபடி கொண்டுபோவதற்கு மட்டும்தான். மூலம் பொய்யென்றால் பொய்யை நேர்மையாகக் கொண்டுபோக வேண்டும். அதில் எனக்குப் பிசகு வரவில்லை. முத்திரையும் நேராக விழுந்தது. நாகேஸ்வரி ஆங்கிலப் பிரதியை வாங்கி வாசித்துவிட்டு, ஆய்வுகூடத்தில் குழாயில் ஒட்டும் பெயர் மாறினால் வேலை போய்விடும் என்று மட்டும் சொல்லிப் படியிறங்கினார்.

8

இங்கே இரண்டு முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) மரணம் ரத்தாகிறது. பிரியந்தன் ஆடுகிறான். அறுபத்தோராவது நிமிடத்தில் எதிரணியின் பந்தைத் தட்டி எடுத்து, கிட்ட நிற்கிற ஆளுக்குக் கொடுக்கிறான். கிட்ட நிற்கிற ஆள் பாஹிம். அரங்கில் நாகேஸ்வரி எழுந்து

(எழுந்து என்ன செய்வார்? அவர் கைதட்டுகிறவரல்ல. விட்டுவிட்டேன்.)

(ஆ) படியிறங்கிய நாகேஸ்வரி காலி வீதியில் நின்று கடதாசியைக் கிழிக்கிறார். பிரியந்தனைக் கூட்டிக்கொண்டு கீரிமலைக்குப் போய்

இது எனக்குப் பிடித்திருந்தது. உங்களுக்கும் பிடித்திருக்கும். ஆனால் நடக்கவில்லை.

நடந்தது இது. கோப்பு கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போய், ஒரு கடிதம் குறைகிறது என்று திரும்பி வந்து, மறுபடி போனது. சித்திரை வருஷப்பிறப்புக்கு முதல் பிரியந்தனின் விசா முடிந்தது. போகும் அன்று நாகேஸ்வரியிடம் காலைச் சாப்பாட்டுக்கு இடியப்பம் கேட்டுச் சாப்பிட்டான். அந்த மாதக் கடைசியில் அணியின் பட்டியல் வந்தபோது அவனுடைய பெயர் இல்லை. ஆடியில் பயிற்றுவிப்பாளர் மாறினார். புதியவருக்கு முன்களத்தில் ஆடுகிறவர்கள்தான் வேண்டுமாம். பிரியந்தனின் மின்னஞ்சலுக்கு ஒன்றரை வரியில் பதில் வந்தது.

பாஹிம் எல்லா ஆட்டத்திலும் ஆடினான். “மச்சான், ஒன்ட எடம் இன்னும் இருக்கி,” என்று பிரியந்தனுக்கு ஒரு குரற்செய்தி அனுப்பியிருந்தான். நல்ல மனது. சொன்னது உண்மையல்ல.

பிரியந்தன் இப்போது அங்கே நான்காம் பிரிவுக் கழகம் ஒன்றில் இருக்கிறான். பகலில் பாலர் பாடசாலை ஒன்றில் உதவியாளன். புரட்டாசியில் அதே முழங்கால் திரும்பவும் போனது. வயது இருபத்தொன்று. ஆரம்பகாலம் முடிந்துவிட்டது.

ஐப்பசியில், ஒருவருக்கும் தேவையில்லாத நேரத்தில், ரத்துக் கடிதம் பதிவுத் தபாலில் நாகேஸ்வரிக்கு வந்தது. ஏழு மாதத்துக்கு மேல் எடுத்து, எல்லாம் ஒழுங்காகச் செய்திருந்தார்கள். பழைய பதிவின் பிரதியில் அண்ணாவின் பெயருக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டு, ஓரத்தில் திகதியும் கையொப்பமும் இட்டிருந்தார்கள். என்னிடம் கொண்டுவந்து காட்டினார். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

“இப்ப அண்ணா திரும்பவும் நோர்வேயிலை,” என்றார்.

கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்துவிட்டு, “வாற வைகாசியிலை திவசம் செய்யலாமோ, செய்யக்கூடாதோ?” என்று கேட்டார். குருக்கள் சான்றிதழ் கேட்கமாட்டார் என்றேன். அது தனக்கும் தெரியும் என்றார்.

தம்பி மகனிடம் சொல்லிவிட்டாரா என்று கேட்டேன்.

“அலுவல் முடியேல்லையாம்,” என்றார்.

9

முடிவு என்று நான் நினைத்தது அதுதான். ஆனால் விண்ணப்பதாரி பிரியந்தன் என்பதால் கந்தோர் அவனுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறது. பதினொரு நாளைக்கு முன் என் தொலைபேசியில் அவனுடைய குரற்செய்தி வந்தது. நாற்பத்திரண்டு விநாடி. பின்னால் சின்னப் பிள்ளைகளின் இரைச்சல்.

“அக்கா வணக்கம், நான் பிரியந்தன். எனக்கு அங்க இருந்து ஒரு பேப்பர் வந்திருக்கு. தமிழ்ல இருக்கு. எனக்குத் தமிழ் கதைக்க ஏலும், வாசிக்க ஏலாது. போன் கமராவைப் பிடிச்சுப் பாத்தன். செத்ததை கான்சல் பண்ணியாச்சு எண்டு வருது. செத்ததை எப்பிடி அக்கா கான்சல் பண்ணுறது? அதில அப்பான்ர பேர் இருக்கு. அப்பா அது கந்தோர் பிழை எண்டுறார். மாமி போன் எடுக்கிறா இல்லை. முதல் பேப்பர் எல்லாம் நீங்கள்தானே மாத்தினீங்கள். இதையும் மாத்தி அனுப்புங்கோ. ஒண்டும் விடாம.”

படத்தையும் அனுப்பியிருந்தான். பதினான்கு வரி. இருபது நிமிட வேலை.

மொழிபெயர்த்தால், எண்பத்தேழில் இறந்ததாகத் தன் அப்பாவைத் தன் மாமியே பதிந்தார் என்பது அவன் கைக்குப் போகும். அடுத்த கேள்வியை அவன் வீட்டில் கேட்பான். கேட்ட நாளில் அவனுடைய தாய் முப்பது வருஷமாக யாரோடு இருந்தா என்று யோசிப்பா. என் முத்திரையோடு அந்தத் தாள் இன்னொரு கந்தோருக்குப் போனால் தகப்பனின் குடியுரிமை போகலாம். நாகேஸ்வரி கடவுளை முன்னிறுத்திப் பொய்ச் சத்தியம் செய்தவர் ஆவார். தெரிந்துகொண்டே அதை மொழிபெயர்த்தவள் நான். மொழிபெயர்க்காவிட்டால், தன் ஆட்டவாழ்வு ஒரு எழுத்துப் பிழையால் போனது என்று அவன் நம்பிக்கொண்டிருப்பான், வேறு யாராவது அவனுக்கு வாசித்துச் சொல்லும்வரை. ஒருநாளும் மண்ணுக்குப் போகாத இருபத்தொரு வயதுப் பெடியன் ஒருவன் அவனுடைய கடைசிப் பெயராக இருந்துகொண்டிருப்பான்.

இந்தப் பதினொரு நாளும் நான் அவனுக்குப் பதில் எழுதவில்லை. இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன், அவனால் வாசிக்க முடியாத பாஷையில். கோழைத்தனம் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

உங்களுக்கு வாசிக்கத் தெரியும். வாசித்தும் விட்டீர்கள். அவன் தொடர்பில் இருப்பதாகத் திரை காட்டுகிறது. “தம்பி, உங்கட அப்பா” என்று தட்டிவிட்டு நிற்கிறேன். அடுத்த சொல் எனக்கு வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள், தட்டுகிறேன்.